தப்பால் அலோசியஸின் கிணறு

என் அக்காள் தெரேசாவின் கணவர் அலோசியஸ், பொதுவேலைப் பகுதி ஓவர்சியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரை ‘அநாதரட்சகரே, கருணைக் கடலே’ என்று விளித்திருந்தார். அந்த ஓவர்சியர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் ரோட்டில் மதகை அடைத்துக் கிடந்த மண்ணை இரண்டு ஆளை விட்டு அள்ளிப் போட வேண்டும். கருணைக் கடல் அசையவில்லை. மழை ஓய்ந்த பிறகு வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சின்னராசாவும் இன்னும் சிலரும் மண்வெட்டியோடு போய் அள்ளினார்கள். அன்று மாலையே அலோசியஸ் ஓவர்சியருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினார்.

“மண்ண அள்ளுனது நாங்க. நன்றி அவனுக்கா?” என்று கேட்டார் சின்னராசா.

“நீ அள்ளுனது அவனுக்குத் தெரியுமாடா? நன்றின்னு ஒரு கடுதாசி போனா, நாமதான் செஞ்சோம் போலன்னு அவனே நெனச்சுக்குவான். அடுத்த தடவ கட்டாயம் செய்வான்.”

அடுத்த தடவையும் சின்னராசாதான் அள்ளினார்.

போன மாதம் அலோசியஸை அடக்கம் செய்தோம். அவரை நினைத்தால் எனக்கு முதலில் இந்த மதகுதான் ஞாபகம் வருகிறது. துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் துக்கத்துக்காக அவரைச் சோடித்து எழுதுவதாக இல்லை. அந்த வேலையை அவர் தம் வாழ்நாளில் எல்லோருக்கும் செய்து முடித்துவிட்டார்.

அவர் தோட்டத்துத் தப்பால்காரர். காலையில் ஆபீசிலிருந்து பூட்டுப் போட்ட தோல்பையை எடுத்துக்கொண்டு அக்கரப்பத்தனை தபால் கந்தோருக்கு இறங்குவார். வந்த கடிதங்களை அதே பையில் போட்டுப் பூட்டிக்கொண்டு மலை ஏறுவார். பைக்கு இரண்டு சாவி. ஒன்று போஸ்ட் மாஸ்டரிடம், மற்றது தோட்டத்து மேலாளரான துரையிடம். நடுவில் நடக்கிறவரிடம் சாவி கிடையாது. தோட்டம் கொடுத்த காக்கிக் கோட்டை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போட்டுக்கொண்டு போவார்.

அந்தப் பைதான் அவரைக் கெடுத்தது. ஒரு நாள் பையில் ஒரு கடிதம் போயிற்று. மறுவாரம் எங்களை மேய்த்துவந்த மேற்பார்வையாளர், பெரிய கண்டாக்கையா, மூட்டை முடிச்சோடு ரயில் ஏறினார். இன்னொரு நாள் ஒரு கடிதம் வந்தது. கொழும்பிலிருந்து யாரோ பார்க்க வருகிறார்கள் என்று லயங்களுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். இதையெல்லாம் பார்த்து, உலகத்தை அசைப்பது காகிதம் என்று முடிவு கட்டிவிட்டார். காகிதத்தை எழுதியவன் யார், அவனுக்குப் பின்னால் எத்தனை கம்பெனிப் பங்குக்காரர்களும் போலீசும் நின்றார்கள் என்று அவர் யோசித்ததேயில்லை. சரியான வார்த்தைகளை எழுதிவிட்டால் போதும், அக்கரப்பத்தனைத் தப்பால்காரன் எழுதினாலும் அசையும் என்று நம்பினார்.

மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். கையெழுத்து அழகாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காகிதம் விரித்து உட்காருவார். மனு எழுத ஆட்கள் வருவார்கள். காசு வாங்கமாட்டார். வாங்கியிருந்தால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். அவருக்கு வேண்டியிருந்தது ‘எழுத்தய்யா’ என்ற ஒரு பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்த கலியாணத்துக்குக்கூட மந்திரிக்கு மனு எழுதிக் கொடுப்பார்.

“மொதல்ல அவன ஒசத்தணும். அப்புறம் நம்மள ஒசத்தணும். கடைசியிலதான் கேக்கணும்,” என்பது அவருடைய முறை. அதிகாரியை உயர்த்துவது எல்லோரும் செய்கிற வேலை. கேட்கிறவனையும் உயர்த்துவதுதான் அவருடைய சொந்தச் சரக்கு. வெறுங்கையனுக்கு எவனும் கதவு திறக்கமாட்டான். கேட்கிறவனுக்கும் ஒரு கௌரவம் உண்டு என்று தெரிந்தால்தான் கொடுக்கிறவனுக்குக் கொடுக்கத் தோன்றும் என்பார். லயத்தில் ஒரு காம்பராவில் குடும்பத்தோடு முடங்கிக் கிடக்கிறவனுக்கு இந்த நாட்டில் என்ன கௌரவத்தைக் காட்டுவது? ஆகவே கௌரவத்தைக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவழைத்தார். மனுக் கொடுக்க வந்த ஒவ்வொருவருக்கும் திருச்சி ஜில்லாவில் நஞ்சை நிலம் எழுதினார்.

பேச்சியம்மா என்ற கிழவியின் மகனுக்குச் சயரோகம். ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்டு அவளுக்காக எழுதிய கடிதத்தில், அவள் ‘காவிரிக் கரையில் நஞ்சையும் மாந்தோப்பும் உடைய பாரம்பரியக் குடும்பத்தில் பிறந்தவள்’. அவள் காவிரியைக் கண்டதில்லை. மாங்காயை ஹட்டன் சந்தையில் கண்டிருப்பாள்.

“என்னா தப்பாலண்ணே, பேச்சிக்குத் தோப்பெல்லாம் குடுத்துட்டீங்களாமே,” என்று சின்னராசா கேட்டார். “எனக்கு ஆத்தோரமா ஏதாச்சும் மிச்சம் இருக்கா?”

“ஒனக்கு எதுக்குடா?”

“ஒரு மாடு வச்சிருக்கேன்ல. மேய்க்க எடம் பத்தல.”

லயமே சிரித்தது. அலோசியஸும் சிரித்தார். பேச்சியம்மாவின் மகனுக்குக் கட்டில் கிடைத்தது. அதில் கிடந்தவன் செத்துப் போனதால் கிடைத்தது. அலோசியஸ் அதையும் தம் கடிதத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இந்தப் பொய்களால் நெடுங்காலம் எந்தக் கெடுதலும் வரவில்லை. காரணம், அவற்றை யாரும் படிக்கவில்லை. நாற்பத்தெட்டில், இந்தியாவிலிருந்து வந்த வம்சமான எங்களைப் பிரஜைகள் அல்ல என்று சட்டம் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஓட்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டு உள்ளவன் திட்டினால் எம்.பி.க்குத் தூக்கம் கெடும். ஓட்டு இல்லாதவன் புகழ்ந்தால் அவருக்கு என்ன? எங்கள் ஆட்களின் புகழ்ச்சி அவர்களுக்கு ஓசியில் கிடைத்தது. ஓசிச் சாமானுக்கு என்ன கவனிப்போ அதுதான் அதற்கும் கிடைத்தது. சில நேரம் அச்சடித்த ஒரு அட்டை வரும்: ‘தங்கள் கடிதம் கிடைத்தது.’ அவ்வளவுதான். அந்த அட்டைகளை அலோசியஸ் மாதா படத்துக்குப் பக்கத்தில் வரிசையாகச் செருகி வைத்தார். என் அக்காள் மெழுகுவர்த்தி ஏற்றும்போது மாதாவோடு சேர்ந்து மந்திரிகளின் காரியதரிசிகளுக்கும் வெளிச்சம் கிடைத்தது.

அவர் புகழ்ந்து எழுதிய தெய்வங்களில் எல்லாம் பெரிய தெய்வம் ஹட்டனில் இருந்தது. முத்துலிங்கம் என்று பெயர். பலசரக்குக் கடைக்காரர், சமாதான நீதவான், அதாவது ஜே.பி. கடை வாசலில் சரக்கின் பெயரைவிட அந்தப் பட்டத்தின் பெயர்ப்பலகை பெரிது. மந்திரிமார் தம்மோடு ஒரே மேசையில் சாப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொள்வார். கிறிஸ்துமஸுக்கும் தமிழ் வருஷப் பிறப்புக்கும் அவருக்கு அலோசியஸிடமிருந்து ஒரு வாழ்த்துக் கடிதம் போகும்; கூடவே லயத்துத் தோட்டத்தில் விளைந்த லீக்ஸும் கோவா முட்டைக்கோசும் ஒரு சாக்கில் போகும். கடிதத்தை முத்துலிங்கம் படித்தாரோ தெரியாது. கோவாவைச் சாப்பிட்டார்.

இப்படியே போயிருந்தால், ஒரு அசட்டு மனிதர் என்று நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அவருக்கு ஐவி என்று ஒரு மகள் இருந்தாள்.

ஒரே பிள்ளை. ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் தங்கிப் படித்தாள். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினாள், எங்கள் லயத்தில் அதுதான் முதல் தடவை. டயகம பக்கத்தில் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் உதவி ஆசிரியை தேவைப்பட்டது. தலைமைச் சகோதரி ஐவியின் பெயரைச் சொல்லி வைத்திருந்தார். வேண்டியது ஒரே ஒரு காகிதம்: பிரஜாவுரிமைச் சான்று. தகப்பனுக்குக் கிடைத்தால், அவர் மனுவில் பெயர் உள்ள பிள்ளைக்கும் கிடைக்கும். அலோசியஸ் ஐம்பத்தொன்றிலேயே மனுப் போட்டிருந்தார்.

தோட்டத்தில் எல்லோருக்கும் தொழிற்சங்கத்து ஆட்கள் வந்து படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். இந்தியாவில் சொத்து உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டார்கள். அதற்குள் கண்டிக்குக் குடிபோயிருந்த நான் அங்கே போட்ட படிவத்திலும் அதே ஒரு சொல்தான், எனக்குச் சான்று கிடைத்தது. அலோசியஸின் படிவத்திலும் அந்தச் சொல்லைச் சங்கத்துக்காரர் எழுதிவிட்டார். அலோசியஸுக்கு மனம் ஆறவில்லை. ஆம், இல்லை என்று எழுதுவதெல்லாம் ஒரு மனுவா? படிவத்தோடு சேர்த்து ஊசி குத்தி ஒரு கடிதம் வைத்தார். அதில் கமிஷனர் துரையவர்கள் கருணைக் கடல். மனுதாரரோ திருச்சி ஜில்லாவில் ஏழு ஏக்கர் நஞ்சை நிலத்துக்கு உரிமையுள்ள குடும்பத்தின் வாரிசு.

இந்த நாட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவனா, அந்தப் பக்கம் ஒரு காலை ஊன்றி வைத்திருப்பவனா என்று கண்டுபிடிப்பதற்காகவே ஏற்பட்ட ஒரு கந்தோருக்கு, அந்தக் காலை அவரே வரைந்து அனுப்பினார். அவருடைய கடிதங்களில் அரசாங்கத்தார் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தது அது ஒன்றைத்தான்.

ஐம்பத்தேழில் ஹட்டனுக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். நான் கண்டியிலிருந்து வந்தேன். ஐவி வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தாள். ஆசிரியை ஆகிவிட்டவள் போலவே இருந்தாள். அலோசியஸ் காக்கிக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். விசாரணை அறையின் உள்ளேயே சுவரோரமாக ஒரு வாங்கு. அடுத்து அழைக்கப்பட வேண்டியவர்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னராசா இருந்தார். அவருக்குப் பக்கத்தில் பெரிய கங்காணி வீட்டு அழகுமுத்து, பட்டுச் சால்வையோடு. அலோசியஸின் தகப்பனார் திருச்சிப் பக்கத்தில் அழகுமுத்துவின் குடும்பத்துக்குப் பண்ணையாளாக இருந்தவர். அவர்களுடைய வயலில் நாற்று நட்டு, அவர்களுடைய கடனோடு கப்பலேறி, அவர்களுடைய கங்காணித்தனத்துக்குக் கீழேயே இங்கே தேயிலைக்குக் குழி வெட்டிச் செத்தார். இது அந்த வாங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அதிகாரி சிங்களவர், நடுவயதுக்காரர், சளி பிடித்திருந்தது. மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இஞ்ச பாரும்,” என்றார் கிளார்க். “படிவத்தில இந்தியாவில ஒண்டும் இல்லையெண்டு கிடக்கு. பின்னால வைச்ச கடிதத்தில ஏழு ஏக்கர் வயல் எண்டு கிடக்கு. எது சரியெண்டு ஐயா கேக்கிறார்.”

அலோசியஸ் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

“சும்மா மரியாதைக்கு எழுதினதெண்டால் அப்பிடிச் சொல்லும். ஐயா அதை வெட்டிவிடுவார். கனபேர் இப்பிடித்தான் எழுதுகினம்.”

இதைவிட அகலமாக ஒரு கதவை எந்த அதிகாரியும் எங்கள் ஆட்களுக்குத் திறந்து வைத்ததில்லை. அதுவும் ஒரு மனுவும் இல்லாமல், ஒரு கோவாவும் இல்லாமல்.

“அப்பா,” என்றாள் ஐவி, மெதுவாக.

அலோசியஸ் திரும்பினார். அவர் பார்த்தது ஐவியை அல்ல, வாங்கை. அழகுமுத்து சால்வையைச் சரிசெய்துகொண்டு, பதிலுக்காகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தார்.

“இருக்குங்கய்யா,” என்றார் அலோசியஸ். “நெலம் இருக்கு. ஒரு கெணறும் இருக்கு.”

“கிணறோ?”

“ஆமாங்கய்யா. கல்லுக் கட்டுன கெணறு.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த அறையில் அதை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

வெளியே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். ஐவி தேத்தண்ணியைத் தொடவில்லை. சின்னராசா தம் விசாரணையை முடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

“கல்லுக் கட்டுன கெணறா? அது எப்பண்ணே தோண்டுனீங்க? காலையில நம்ம ஒன்னாத்தானே பஸ் ஏறுனோம்?”

“சும்மா இருடா.”

“ஏன் மச்சான் இப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“அழகுமுத்து ஒக்காந்திருந்தான் மாப்ள. அவன் வீட்டு வயல்லதான் எங்கப்பன் கோவணத்தோட நின்னான். அவன் முன்னால எனக்கு ஒன்னுமில்லேன்னு என் வாயால சொல்லணுமா?”

“அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“தெரியட்டும். நான் சொல்லல.”

ஒரு கணம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

சில வாரங்களில் அறிவித்தல் வந்தது. அவரே தமது பையில் போட்டு மலையேற்றிக் கொண்டுவந்தார். மனுதாரருக்கு இந்தியாவில் நிலையான சொத்து இருப்பதாகத் தெரியவருவதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்கலாம். அப்போதுகூட எதுவும் முடிந்துவிடவில்லை.

ஐவி ஒரு தாளில் ஆட்சேபத்தை எழுதினாள். ‘எனக்கு இந்தியாவில் நிலமோ கிணறோ இல்லை. இருப்பதாகச் சொன்னது பொய். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இந்தத் தோட்டத்தில்.’ கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

“இதா மனு?” என்றார் அவர். “ஒரு ஐயா இல்ல, ஒரு துரை இல்ல. இத படிக்கிறவன் நம்மள என்னான்னு நெனப்பான்?”

“ஒன்னுமில்லாதவங்கன்னு நெனப்பான். அதத்தாம்ப்பா அவன் நெனைக்கணும்.”

“ஏங்க, புள்ள சொல்றத கேளுங்களேன்,” என்றாள் என் அக்காள்.

“நீ அடுப்பப் பாரு. நான் இத நல்லபடியா திருத்தி எழுதிக்கிட்டு வர்றேன்.”

திருத்தினார். ஐவியின் வரிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. புதிய கடிதத்தில் அந்த ஏழு ஏக்கரையும் கிணற்றையும், இலங்கைத் திருநாட்டின்மேல் கொண்ட பக்தியினால், ஊரிலுள்ள மாதா கோயிலுக்குத் தானமாக எழுதி வைத்துவிட்டார். இல்லாத நிலத்தை இழக்கும்போதுகூட அவருக்குக் கொடைவள்ளலாகத்தான் இழக்க முடிந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு சிபாரிசுக்காக முத்துலிங்கத்திடம் போனார். சாக்கைத் தூக்கிக்கொண்டு ஐவியும் போனாள். நடுவில் எங்காவது அப்பாவின் மனது மாறும் என்று பார்த்திருக்கிறாள். அங்கே நடந்ததை அவள்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

“ஆங், அலோசியஸா. அத உள்ள வச்சிட்டு வா,” என்றார் முத்துலிங்கம், சாக்கைப் பார்த்து. அறிவித்தலை வாங்கினார்; கண்ணாடியைத் தேடவில்லை, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “எத்தன வருஷமா வந்து போற ஆளு நீ. இதுகூடச் செய்ய மாட்டேனா? எழுதிக் குடுக்கிறேன். நல்ல குடும்பம்தானே? நெலபுலம் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சுங்க. கோயிலுக்கு எழுதி வச்சிட்டோம்.”

“அப்ப ரொம்ப நல்ல குடும்பம். அதையே போட்டுருவோம்.”

“ஐயா,” என்றாள் ஐவி, “எங்களுக்கு நெலமே இருந்ததில்லைன்னு எழுதிக் குடுங்க. அதுதாங்க வேணும். அது போதும்.”

முத்துலிங்கம் சிரித்தாராம். “படிச்ச புள்ள, வெவரம் பத்தலையே. நான் ஜே.பி.ம்மா. ஒன்னுமில்லாத ஆளுக்கு நான் எப்பிடிச் சிபாரிசு பண்றது? எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கில்ல?”

அலோசியஸ் பெருமையோடு தலையாட்டினாராம். இத்தனை வருடமும் தாம் சொல்லிவந்ததை ஒரு பெரிய மனிதர் வாயால் கேட்ட பெருமை.

அப்படித்தான் அந்தச் சிபாரிசு கிடைத்தது. பெயர் அச்சடித்த தாளில், முத்திரை குத்தி: இவர் திருச்சி ஜில்லாவில் நிலபுலமுள்ள கண்ணியமான குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை நான் நேரில் அறிவேன். அலோசியஸ் தம் வாழ்நாளில் கெஞ்சிப் பெற்ற ஒரே அனுகூலம் இதுதான். அதை ஆட்சேபக் கடிதத்தோடு சேர்த்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். லயத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.

கந்தோரிலிருந்து பதில் வந்தது: தானம் செய்த உறுதிப் பத்திரத்தின் பிரதியை அனுப்பவும். அனுப்பப் பத்திரம் ஏது? அவர் பதிலாக இன்னொரு புகழ்ச்சியை அனுப்பினார். அத்தோடு விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். சின்னராசாவுக்குச் சான்று கிடைத்தது. உண்மையாகவே அங்கே நிலம் வைத்திருந்த அழகுமுத்துவுக்கும் கிடைத்தது. அவர் விசாரணையில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருந்தார். அவருக்கு அதைச் சொல்ல வெட்கம் இல்லை. இருக்கிறவனுக்கு எதற்கு வெட்கம்?

டயகமவுக்கு வேறொரு பெண் போனாள். ஐவி கொஞ்ச நாள் காம்பராவுக்குள்ளேயே இருந்தாள். பிறகு ஒரு காலை, ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டு முடிந்த நேரத்தில், தானே ஆபீஸ் ஜன்னலில் போய் நின்று பெயர் பதிந்துகொண்டு கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போனாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலாவது அவளைச் சேர்க்கத் துரைக்கு ஒரு மனு எழுதுவதாக அப்பா சொன்னபோது, “எழுதினீங்கன்னா நான் வீட்ட விட்டுப் போயிருவேன்,” என்றாளாம். அவர் எழுதவில்லை. அவர் எழுதாமல் விட்ட மனு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வருகிறவர்கள் குறைந்தார்கள். அறுபத்துநாலில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யார் போவது, யார் இருப்பது என்பதே லயங்களில் எந்நேரமும் பேச்சு.

“தப்பாலண்ணே, நீங்க முன்னால போயி கெணத்துல தண்ணி எறைச்சு வைங்க,” என்றார் சின்னராசா ஒரு நாள். “நாங்க பின்னால வந்து குளிச்சுக்குறோம்.”

இந்தத் தடவை லயத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஐவி இலைக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அலோசியஸ் அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டிப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. செய்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் காக்கிக் கோட்டோடு கிடத்தியிருந்தார்கள். எனக்குப் பத்து வயதில் அந்தக் கோட்டுப் பையிலிருந்து தபால்தலை ஓரத்துப் பசைக் காகிதம் எடுத்துக் கொடுத்த மனிதர் அவர். அதை நினைத்தேன். நெடுநேரம் நினைக்க விடாமல் பெட்டி வேலை வந்துவிட்டது.

தோட்டத்தில் சாவு விழுந்தால் பெட்டிக்குப் பலகை துரை கொடுப்பது வழக்கம். எழுதிக் கேட்க வேண்டும். ஐவி ஒரு தாளில் எழுதினாள்: ‘என் அப்பா அலோசியஸ் காலையில் இறந்துவிட்டார். பெட்டிக்குப் பலகை வேண்டும். ஐவி.’ ஆபீஸ் கிளாக்கரையா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“எழுத்தய்யா மகளா இப்பிடி எழுதுறது? துரைக்குக் கொஞ்சம் மரியாதையா எழுதக்கூடாதாம்மா?”

“மரியாத எல்லாத்தையும் அவரே எழுதித் தீத்துட்டாருங்க.”

பலகை மத்தியானத்துக்குள் வந்துவிட்டது.

அவர் புகழ்ந்து எழுதிய ஒருவரும் அடக்கத்துக்கு வரவில்லை. வருவார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. முத்துலிங்கத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னோம். ஆழ்ந்த அனுதாபம் என்று ஆளிடமே சொல்லிவிட்டாராம். குழி வெட்டியவர் சின்னராசா. மழையில் மண் சரிந்து சரிந்து விழ, அள்ளி அள்ளிப் போட்டார். இதற்கு நன்றிக் கடிதம் எழுத ஆள் இல்லை.

மிஞ்சிய பலகையில் ஒரு சிலுவை அடித்தோம். அதில் பெயர் எழுத நான் வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.

“ஊரு திருச்சின்னு போடு தம்பி,” என்றாள் அக்காள். “நல்ல குடும்பத்து ஆளுன்னும் ஒரு வார்த்த போட்டுரு. அவருக்கு அது ரொம்ப ஆச.”

நான் ஐவியைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து பிரஷை வாங்கினாள். தேயிலைக் காம்பு கிழித்த விரல்களால், அப்பாவைப் போலவே அழகான எழுத்தில் எழுதினாள்.

‘அலோசியஸ். தப்பால்காரர். பிறந்ததும் இறந்ததும் இந்தத் தோட்டத்தில்.’

சின்னராசா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இதத்தானே அன்னிக்கே அந்த ஐயா கேட்டாரு,” என்றார். “இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா...”

“சொல்லியிருக்க மாட்டாரு சித்தப்பா,” என்றாள் ஐவி. “அழகுமுத்து ஐயா இல்லாத அன்னிக்குக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருக்க மாட்டாரு.”

அக்காள் அழத் தொடங்கினாள். ஐவி பெயின்ட் காயும்வரை சிலுவையைக் குடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பிரஷைக் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். மறுநாள் அவளுக்குப் பெரட்டு இருந்தது.